பரம்பிக்குளம்: மலையில் தேங்கி, ஆறு மாறி, வயலுக்கு வரும் தண்ணீர்

2022 செப்டம்பர் 21, புதன்கிழமை அதிகாலை. பரம்பிக்குளம் அணை முழு அளவான 72 அடியில் ததும்பி நின்ற நேரம். அணையின் மூன்று ஷட்டர்களில் நடுவில் இருந்த ஷட்டரின் சமன் எடையைத் தாங்கிய சங்கிலி அறுந்தது. பிடிமானம் இழந்த ஷட்டர் இடத்தைவிட்டுப் பெயர்ந்தது. அடுத்த சில நிமிடங்களில் விநாடிக்குச் சுமார் 20,000 கன அடி தண்ணீர் காட்டுக்குள் பாய ஆரம்பித்தது. அடைப்பதற்கு அங்கே எதுவும் இல்லை. நீர்மட்டம் மதகின் அடிமட்டத்துக்குத் தானாக இறங்கும்வரை பார்த்துக்கொண்டிருப்பதைத் தவிர வேறு வழியில்லை. அப்படி இறங்கி முடிப்பதற்குள் கிட்டத்தட்ட 6 டி.எம்.சி. வெளியேறிவிட்டது. ஒரு டி.எம்.சி. என்றால் நூறு கோடி கன அடி.

பொள்ளாச்சி, உடுமலை, பல்லடம், காங்கேயம் பக்கத்து விவசாயிகளுக்கு அது வயிற்றில் அடித்த சேதி. டீக்கடைகளில் அன்று திரும்பத் திரும்பக் கேட்ட கேள்வி ஒன்றுதான்: இவ்வளவு தண்ணீரை ஏன் மேலேயே நிறுத்தி வைத்திருந்தார்கள், முன்கூட்டியே நமக்கு அனுப்பியிருக்கக் கூடாதா?

நியாயமான கேள்விதான். ஆனால் இதற்கு ஒரு வரியில் பதில் சொல்ல முடியாது. பரம்பிக்குளம் ஆழியாறு திட்டம், எங்கள் பக்கம் எல்லோரும் சொல்வதுபோல் பி.ஏ.பி., ஒரே அணை கிடையாது. தேக்குவது ஓரிடம், கொடுப்பது இன்னோரிடம், இரண்டுக்கும் நடுவே ஆற்றுக்கு ஆறு, மாநிலத்துக்கு மாநிலம் மாற்றிக்கொள்ளும் கணக்கு. அந்த முழு வழியையும் பார்த்தால்தான் அந்த அதிகாலையில் என்ன போனது, ஏன் போனது என்பது விளங்கும்.

மேலே தேங்குவது

ஆனைமலைத் தொடரின் மேல்பகுதியில் தென்மேற்குப் பருவமழை கொட்டித் தீர்க்கும். வால்பாறை வட்டாரத்துச் சின்னக்கல்லாறு நாட்டிலேயே அதிக மழை பெறும் இடங்களில் ஒன்று. அதே மலையின் கிழக்கு அடிவாரத்தில் உடுமலையும் பல்லடமும் மழை மறைவில் கிடக்கின்றன. மலையில் பெய்ததெல்லாம் இயல்பாக மேற்கே ஓடி அரபிக்கடலில் சேர்ந்துவிடும். அதில் ஒரு பகுதியைத் தேக்கி, மலையைக் குடைந்து, கிழக்கே திருப்புவதுதான் திட்டம். காமராஜர் முதல்வராக இருந்த காலத்தில் எடுத்த வேலை இது. 1961 அக்டோபர் 7-ஆம் தேதி பிரதமர் நேரு வந்து தொடங்கிவைத்தார்.

இதில் மூன்று வடிநிலங்கள் கலந்திருக்கின்றன. நீராறு பெரியாற்றின் கிளையான இடமலையாற்றுக்குப் போக வேண்டிய ஆறு. சோலையாறு, பரம்பிக்குளம், தூணக்கடவு, பெருவாரிப்பள்ளம் நான்கும் சாலக்குடி ஆற்றைச் சேர்ந்தவை. ஆழியாறும் பாலாறும் பாரதப்புழையின் கிளைகள். வடக்கே ஓடும் பெரிய பாலாறு வேறு, இது திருமூர்த்தி மலையடிவாரத்துப் பாலாறு.

தண்ணீர் வரும் வழியைக் கையால் தொட்டுக்கொண்டே போவதுபோல் பார்க்கலாம். மேல் நீராறு தடுப்பணையிலும் கீழ் நீராறு அணையிலும் பிடித்த நீர் சுரங்கங்கள் வழியே தமிழ்நாட்டுச் சோலையாறு அணைக்கு வருகிறது. சோலையாறு 5.39 டி.எம்.சி. பிடிக்கும், கடல்மட்டத்திலிருந்து 3,290 அடியில் நிரம்பி நிற்கும். அங்கிருந்து மானாம்பள்ளி மின்நிலையம் வழியாக 70 மெகாவாட் மின்சாரத்தைக் கொடுத்துவிட்டுப் பரம்பிக்குளத்தில் விழுகிறது. கடல்மட்டத்திலிருந்து பரம்பிக்குளத்தின் முழு மட்டம் 1,825 அடி. ஆக, ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குச் சுமார் 1,465 அடி இறக்கம்.

தொகுப்பிலேயே பெரிய தொட்டி பரம்பிக்குளம்தான். மொத்தக் கொள்ளளவு 17.82 டி.எம்.சி., அதில் எடுத்துப் பயன்படுத்தக் கூடியது 13 டி.எம்.சி. சொச்சம். அடிவாரத்தில் இருக்கும் ஆழியாறு 3.86 டி.எம்.சி., திருமூர்த்தி 1.93 டி.எம்.சி. மட்டுமே. தூணக்கடவும் பெருவாரிப்பள்ளமும் ஒவ்வொன்றும் அரை டி.எம்.சி.க்குக் கொஞ்சம் மேல். சமவெளியில் பெரிதாகத் தேக்க இடம் இல்லாததால் பருவமழையில் வருவதை மலைமேலேயே வைத்திருந்து, தேவைப்படும்போது கொஞ்சம் கொஞ்சமாகக் கீழே இறக்குவதுதான் இந்த அமைப்பின் அடிப்படை. செப்டம்பரில் பரம்பிக்குளம் நிறைந்து நிற்பது திட்டம் சரியாக வேலை செய்கிறது என்பதற்கான அடையாளம். யாரோ அசட்டையாக விட்டுவைத்த தண்ணீர் என்று அதை நினைக்கக் கூடாது.

இன்னொன்றையும் இங்கே சொல்லிவிட வேண்டும். பரம்பிக்குளம், தூணக்கடவு, பெருவாரிப்பள்ளம் மூன்று அணைகளும் கேரளத்தின் பாலக்காடு மாவட்டத்துக்குள், புலிகள் காப்பகத்தின் நடுவில் இருக்கின்றன. இயக்குவதும் பராமரிப்பதும் தமிழ்நாட்டு நீர்வளத் துறை. கேரளத்திலிருந்து ஒருவர் காரில் பரம்பிக்குளம் போக வேண்டுமென்றாலும் பொள்ளாச்சிப் பக்கம் வந்து, சேத்துமடை, டாப்சிலிப் வழியாகத்தான் ஏற வேண்டும். நிலம் ஒருவருடையது, அணையை நடத்துவது இன்னொருவர், தண்ணீர் இருவருக்கும். ஒப்பந்தம் இல்லாமல் இது ஒரு நாள்கூட ஓடாது.

ஆறு மாறும் கணக்கு

அந்த ஒப்பந்தம் 1970 மே 29-இல் கையெழுத்தானது. 1958 நவம்பர் 9 முதலே நடப்பில் இருந்ததாகக் கருதப்படும் என்று முன்தேதியிட்டு எழுதினார்கள். நீராண்டு ஜூலை 1-இல் தொடங்கி ஜூன் 30-இல் முடிகிறது.

இந்த ஒப்பந்தத்தைப் பற்றிப் பேசும்போது எல்லோரும் அளவுகளைத்தான் சொல்வார்கள். பரம்பிக்குளம் தொகுப்பிலிருந்து தமிழ்நாடு ஆண்டுக்கு 16.5 டி.எம்.சி. திருப்பிக்கொள்ளலாம். கேரளத்துக்குச் சோலையாறில் 12.3 டி.எம்.சி., மணக்கடவில் 7.25 டி.எம்.சி., சேர்த்து 19.55 டி.எம்.சி. தர வேண்டும். ஆனால் என் பார்வையில் இதில் அளவைவிட முக்கியமானவை இரண்டு: எந்த இடத்தில், எந்தத் தேதியில்.

மேல் நீராறை எடுத்துக்கொள்ளுங்கள். பிப்ரவரி 1 முதல் செப்டம்பர் 30 வரை அங்கே வரும் தண்ணீரைத் தமிழ்நாடு சோலையாறுக்குத் திருப்பிக்கொள்ளலாம். அக்டோபர் 1 முதல் ஜனவரி 31 வரை வருவது கேரளத்துக்கு, இடமலையாற்றில் போய்ச் சேர வேண்டும். ஆறு அதே ஆறு, தடுப்பணை அதே தடுப்பணை. செப்டம்பர் 30 இரவு பெய்த மழை பல்லடத்து மக்காச்சோளத்துக்கு என்றால், மறுநாள் பெய்தது எர்ணாகுளம் மாவட்டத்துக்கு. தென்மேற்குப் பருவம் ஒருவருக்கு, வடகிழக்குப் பருவம் மற்றவருக்கு என்று மழையையே பங்கு பிரித்துவிட்டார்கள்.

அடுத்தது கேரளச் சோலையாறு. தமிழ்நாட்டுச் சோலையாறுக்குக் கீழே அதே ஆற்றில் கேரளத்துக்கு ஓர் அணை இருக்கிறது. இரண்டுக்கும் பெயர் ஒன்றே என்பதால் செய்திகளில் அடிக்கடி குழப்பம் வரும். இந்தக் கேரளச் சோலையாறு அணை ஆண்டில் இரண்டு தேதிகளில், செப்டம்பர் 1-இலும் பிப்ரவரி 1-இலும், முழு மட்டத்தில் நிற்கும்படி தமிழ்நாடு பார்த்துக்கொள்ள வேண்டும். தண்ணீர் 25 மெகாவாட் இரண்டாவது சோலையாறு மின்நிலையம் வழியே போகிறது. பிப்ரவரி 1 என்பது கேரளத்துக்கு உயிர் நாள். அன்று நிறைந்திருக்கும் அணையை வைத்துத்தான் கோடையில் மின்சாரம் எடுக்கிறார்கள். அந்த நீர் பெரிங்கல்குத்து அணைக்கும், அதிரப்பள்ளி அருவிக்கும், அதற்கும் கீழே தும்பூர்முழியில் திருப்பும் பாசனக் கால்வாய்களுக்கும் போகிறது.

செப்டம்பர் 1 தேதியில் எனக்கே உறுத்தல் உண்டு. 2018 ஆகஸ்ட் வெள்ளத்தில் பெரிங்கல்குத்து அணையின் மேலேயே தண்ணீர் வழிந்தோடியது. மழைக்காலம் முடியாத நிலையில் மேலே இருக்கும் அணையை விளிம்புவரை நிரப்பி ஒப்படைப்பது சாலக்குடிக் கரையில் இருப்பவர்களுக்கு அச்சம் தரும் விஷயம்தான். ஒப்பந்தம் எழுதிய காலத்தில் கோடைப் பற்றாக்குறைதான் எல்லோர் மனத்திலும் இருந்தது. வெள்ளத்தை நினைத்து அந்தத் தேதியை வைக்கவில்லை. பேச்சுவார்த்தை நடக்கும்போது தமிழ்நாடும் இதைத் திறந்த மனத்தோடு பேச வேண்டும். அவர்களுடைய பயத்தை நாம் மதித்தால்தான் நம்முடைய பற்றாக்குறையை அவர்கள் மதிப்பார்கள்.

மூன்றாவது மணக்கடவு. ஆழியாறு தமிழ்நாட்டைவிட்டுக் கேரளத்துக்குள் நுழையும் முன் இருக்கும் தடுப்பணை இது. இங்கே கடந்துபோகும் நீர் சித்தூர்ப்புழையாகி, மூலத்தறையில் பிரிந்து, பாலக்காட்டின் கிழக்குப் பகுதி நெல்வயல்களுக்குப் போகிறது. ஆண்டுக்கு 7.25 டி.எம்.சி. என்பதை 365 நாளுக்குப் பிரித்தால் விநாடிக்குச் சராசரியாக 230 கன அடி. நடைமுறையில் எல்லா நாளும் ஒரே அளவு கிடையாது, இரு மாநிலக் கூட்டு நீர் ஒழுங்குமுறை வாரியம் பேசி வைத்திருக்கும் பதினைந்து நாள் கணக்குப்படி கூடும், குறையும். ஆழியாறு அணையில் எவ்வளவு திறந்தோம் என்பது கணக்கில் வராது. மணக்கடவில் எவ்வளவு கடந்தது என்பதே கணக்கு. நடுவில் ஆற்றுமணல் குடித்த நீர், வழியில் மோட்டார் வைத்து உறிஞ்சிய நீர் எல்லாம் தமிழ்நாட்டுப் பொறுப்பு.

மாற்றிக்கொள்ளுதல் என்பதன் முழு அர்த்தமும் மணக்கடவில்தான் தெரியும். ஆழியாறு அணைக்கு வரும் இயல்பான நீர் மட்டும் எல்லாருக்கும் போதாது. ஆழியாற்றின் பழைய ஆயக்கட்டு, அதாவது பாசனம் பெறும் நிலம், இருக்கிறது, புதிய ஆயக்கட்டு இருக்கிறது, அப்புறம் கேரளத்துப் பங்கு. குறையும்போது பரம்பிக்குளத்திலிருந்து இறங்கும் தண்ணீரைத்தான் ஆழியாறுக்குத் திருப்பி ஈடுகட்டுகிறார்கள். சாலக்குடி ஆற்றில் ஓடி இருஞ்ஞாலக்குடா பக்கம் போக வேண்டிய நீர் மலையைக் குடைந்து கிழக்கே வந்து, ஆழியாற்றில் இறங்கி, பாரதப்புழையாகப் பாலக்காட்டுச் சித்தூர் விவசாயிக்குப் போகிறது. கேரளம் ஓர் ஆற்றில் விட்டுக்கொடுத்ததை இன்னோர் ஆற்றில் வாங்கிக்கொள்கிறது. அதே துளி திரும்பி வருவதில்லை, அதற்கு ஈடான துளி வேறு வாசலில் வருகிறது.

சர்க்கார்பதியில் பிரியும் வழி

பரம்பிக்குளத்திலிருந்து தண்ணீர் சுரங்கம் வழியே தூணக்கடவுக்கு வரும். தூணக்கடவும் பெருவாரிப்பள்ளமும் திறந்தவெளிக் கால்வாய் ஒன்றால் இணைந்தவை. தூணக்கடவிலிருந்து இன்னொரு சுரங்கம் சர்க்கார்பதி மின்நிலையத்துக்கு. 30 மெகாவாட் எடுத்துவிட்டு வெளியே வரும் நீருக்கு அங்கே இரண்டு பாதைகள் இருக்கின்றன. ஒன்று ஊட்டுக்கால்வாய் வழியாக ஆழியாறுக்கு. மற்றது காண்டூர் கால்வாய் வழியாகத் திருமூர்த்திக்கு.

இந்த இடம்தான் முழுத் திட்டத்தின் கழுத்து என்பேன். மேலே 17 டி.எம்.சி. பிடிக்கும் அணை இருக்கலாம், கீழே லட்சக்கணக்கான ஏக்கர் காத்திருக்கலாம், இரண்டையும் இணைப்பது இந்தச் சுரங்கமும் மலைச்சரிவை ஒட்டி ஓடும் 49 கிலோமீட்டர் காண்டூர் கால்வாயும் மட்டுமே. ஆழியாறுக்குக் கூடுதலாக விட்டால் திருமூர்த்திக்குக் குறையும், திருமூர்த்திக்கு விட்டால் ஆழியாறுக்குக் குறையும். பொள்ளாச்சி ஆழியாறு விவசாயிகளும் உடுமலை, பல்லடம் விவசாயிகளும் சில ஆண்டுகளில் ஒருவரையொருவர் முறைத்துக்கொள்வதற்கு வேர் இங்கேதான்.

காண்டூர் கால்வாயின் வடிவமைப்பு அளவு விநாடிக்குச் சுமார் 1,150 கன அடி. ஒரு டி.எம்.சி.யை ஒரே நாளில் கடத்த விநாடிக்கு 11,574 கன அடி வேண்டும். அப்படியென்றால் காண்டூர் முழு அளவில் இடைவிடாமல் ஓடினாலும் ஒரு டி.எம்.சி. போக 10 நாள் ஆகும். வீட்டு மாடியில் பெரிய தொட்டி கட்டிவிட்டு அரை இஞ்சுக் குழாய் இழுத்தால் என்ன ஆகுமோ அதுதான் இங்கேயும். தொட்டியின் அளவை எல்லோரும் பார்க்கிறோம், குழாயின் அளவைப் பார்ப்பதில்லை.

அந்தக் குழாயும் சும்மா இருக்காது. அடர்ந்த காட்டுக்குள், செங்குத்தான சரிவில் ஓடும் கால்வாய் அது. மழைக்காலத்தில் மேலிருந்து மண்ணும் பாறையும் சரிந்து விழும். பழைய கல்கட்டுக் கரைகளில் கசிவு வரும். தண்ணீர் குடிக்க இறங்கும் மானும் யானையும் ஏற முடியாமல் அடித்துச் செல்லப்பட்ட சம்பவங்களும் உண்டு. பல ஆண்டுகளாகக் கட்டம் கட்டமாகக் கான்கிரீட் போட்டுப் புதுப்பித்தார்கள். அந்த வேலைக்கும் கால்வாயை மூடித்தான் ஆக வேண்டும். மூடிய நாள்களில் மேலே அணை நிறைந்தால் நிறைந்ததுதான், கீழே வராது.

திருமூர்த்திக்குக் கீழே

திருமூர்த்தி அணையைப் பார்த்தால் ஏமாற்றமாக இருக்கும், அவ்வளவு சின்னது. 60 அடி உயரம், 1.93 டி.எம்.சி. ஆனால் இதை நம்பியிருக்கும் ஆயக்கட்டு 3.77 லட்சம் ஏக்கர். தொடக்கத்தில் இருந்ததைவிடப் பின்னாளில் விரிவாக்கிய ஆயக்கட்டு இது. எல்லாருக்கும் ஒரே நேரத்தில் கொடுக்க வழியே இல்லை. அதனால் நான்கு மண்டலங்களாகப் பிரித்து முறை வைத்தார்கள். ஒரு மண்டலம் சுமார் 94,000 ஏக்கர். ஆண்டுக்கு இரண்டு மண்டலம் என்ற கணக்கில் ஒவ்வொரு நிலத்துக்கும் இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை பாசனம்.

நிறைந்து நிற்கும் திருமூர்த்தி அணையை ஒரு சொட்டும் வீணாகாமல் ஒரே மண்டலத்தின் நிலத்தில் பரப்பினால் ஆறு அங்குல உயரம்கூட வராது. ஆகவே திருமூர்த்தியைத் தேக்கம் என்று நினைப்பதே தவறு, அது நீரை வாங்கி உடனுக்குடன் பிரித்துக் கொடுக்கும் இடம். பாசனம் நடக்கும் நாள்களில் ஒருபக்கம் காண்டூரில் வந்துகொண்டே இருக்க வேண்டும், மறுபக்கம் 124 கிலோமீட்டர் பிரதானக் கால்வாயில் போய்க்கொண்டே இருக்க வேண்டும். மேலே வரத்து நாலு நாள் தடைபட்டால் கீழே அடுத்த சுற்று தள்ளிப்போகும். நான்கு மாதத்துக்கு மேல் ஓடும் ஒரு மண்டலப் பாசனத்தில் மழை, வரத்தைப் பொறுத்து இத்தனை சுற்று என்று அரசாணையில் சொல்வார்கள். ஒரு சுற்று கூடினால் மக்காச்சோளம் மணி பிடிக்கும், ஒரு சுற்று குறைந்தால் தட்டைதான் மிஞ்சும்.

கடைமடையில், வெள்ளகோவில் பக்கத்துக் கிளைக் கால்வாய் மதகடியில் நின்று பாருங்கள். வாரம் திறப்பு, வாரம் அடைப்பு என்பது முறை. திறந்த முதல் நாள் தண்ணீர் வராது, வாய்க்கால் காய்ந்து கிடப்பதால் மண்ணே குடித்துவிடும். இரண்டாம் நாள் கணுக்கால் அளவு. ஒருவர் மம்பட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு, மதகைத் திறந்து மூடும் லஸ்கரிடம் கேட்பார்: "ஏனுங், இன்னைக்காவது ஏறுமுங்களா?" அவர் மதகில் குறித்திருக்கும் அளவுகோலைக் குனிந்து பார்த்துவிட்டுச் சொல்வார்: "மேல அடைச்சாத்தானுங்க அண்ணா இங்க ஏறும். ராத்திரிக்கு மேல பாருங்க." இரவெல்லாம் வரப்பில் காத்திருந்து, விடியும்போது நீர் பாத்தி ஏறும். நாலு நாளில் அடைப்பு வந்துவிடும். ஏழு நாள் முறை என்பது காகிதத்தில் எல்லாருக்கும் ஏழு நாள்தான், கடைமடைக்காரருக்கு நாலு நாள். வெள்ளகோவில், காங்கேயம் விவசாயிகள் ஆண்டுக்கணக்காகப் போராடுவது கூடுதல் தண்ணீருக்கு இல்லை, முறைப்படி உள்ள பங்கு தங்கள் மதகுவரை வந்து சேர வேண்டும் என்பதற்கே. பிரதானக் கால்வாய் ஓரத்தில் குழாய் போட்டு உறிஞ்சுவதைத் தடுத்தாலே பாதிப் பிரச்சினை தீரும்.

இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை மட்டும் தண்ணீர் வரும் நிலத்தில் தென்னந்தோப்பு எப்படி நிற்கிறது என்று வெளியூர்க்காரர்கள் ஆச்சரியப்படுவார்கள். காரணம் கிணறு. கால்வாயில் ஓடும்போதும் வயலில் பாயும்போதும் மண்ணுக்குள் இறங்கும் நீர் அக்கம்பக்கத்துக் கிணறுகளில் ஊறும். அடுத்த முறை வரும்வரை அதுதான் தாங்கும். கால்வாய்களுக்கெல்லாம் கான்கிரீட் போடும்போது கடைமடைக்குத் தண்ணீர் வேகமாகப் போகும் என்பது உண்மை. அதே அளவுக்கு, வழியில் உள்ள கிணறுகளுக்கு ஊற்று குறையும் என்பதும் உண்மை. கசிவு என்று பொறியாளர் எழுதும் கணக்கில் ஒரு பகுதி வேறொருவரின் பாசனம். யாருடைய கிணறு வற்றும் என்பதையும் சேர்த்துப் பார்த்துத்தான் எந்த நீளத்துக்குக் கான்கிரீட் என்று முடிவு செய்ய வேண்டும்.

சங்கிலி அறுந்தபோது நடந்தது

இப்போது டீக்கடைக் கேள்விக்கு வரலாம். முன்கூட்டியே அனுப்பியிருக்கக் கூடாதா?

வெளியேறியது சுமார் 6 டி.எம்.சி. அதைக் காண்டூர் வழியாக அனுப்ப வேண்டுமென்றால் முழு அளவில் ஓடினாலும் 60 நாள். செப்டம்பர் 21-க்கு முந்தைய 60 நாள் என்பது ஜூலைக் கடைசி, மழை உச்சத்தில் இருக்கும் காலம். அப்போது கீழே போய்க்கொண்டிருப்பதையும் தாண்டி மேலே வரத்து இருக்கும். கீழே திருமூர்த்தியில் தேக்கவும் இடமில்லை. உடைந்த ஷட்டர் வழியாகவோ அதே 6 டி.எம்.சி. 20,000 கன அடி வேகத்தில் மூன்றரை நாளில் போய்விடும். மட்டம் இறங்க இறங்க வேகம் குறையும் என்பதால் கூட ஓரிரு நாள் ஆகலாம், அவ்வளவுதான். எனவே அனுப்பாமல் வைத்திருந்தார்கள் என்ற குற்றச்சாட்டு நிற்காது. கேட்க வேண்டிய கேள்வி அந்தச் சங்கிலியைப் பற்றியது. அரை நூற்றாண்டுக்கு மேல் பாரம் தாங்கிய இரும்பு, ஆண்டு முழுவதும் ஈரத்தில், அடர்காட்டில். அதை எப்போது கழற்றிப் பார்த்தார்கள், எப்போது மாற்றினார்கள் என்பதே கேள்வி.

ஓடிய தண்ணீர் எங்கே போனது என்பதையும் பார்க்க வேண்டும். பரம்பிக்குளம் ஆற்றில் இறங்கி நேரே பெரிங்கல்குத்துக்குப் போய், சாலக்குடி ஆற்றில் கலந்தது. கரையோரத்தில் எச்சரிக்கை விட்டார்கள். கேரளத்துக்குத்தானே போனது, நம் பாக்கியில் கழித்துக்கொள்ளலாமே என்று அப்போது சிலர் பேசினார்கள். வரைபடத்தை விரித்தால் அது நடக்காது என்பது தெரியும். கேரளச் சோலையாறு அணை வேறு கிளையில் இருக்கிறது, பரம்பிக்குளத்து நீர் அதற்குக் கீழேதான் சேர்கிறது. மணக்கடவோ மலைக்கு மறுபக்கம், வேறு வடிநிலம். ஒப்பந்தம் கணக்கு வைக்கும் இந்த இரண்டு இடங்களையும் தொடாமலே 6 டி.எம்.சி.யும் போய்விட்டது. கேரளத்துக்கும் அது வேண்டாத நேரத்தில் வந்த வெள்ளம், கோடையில் சித்தூர் கேட்கும் தண்ணீர் அது இல்லை. கொடுத்தவருக்கும் பயனில்லை, பெற்றவருக்கும் பயனில்லை.

2024 ஆகஸ்ட் 10 இரவு கர்நாடகத்தில் துங்கபத்திரா அணையின் 19-ஆம் எண் ஷட்டர் இதேபோல் சங்கிலி அறுந்து அடித்துச் செல்லப்பட்டது. அங்கே ஒரு வாரத்துக்குள், தண்ணீர் பாய்ந்துகொண்டிருக்கும்போதே, தடுப்புப் பலகைகளைச் செய்து வந்து துண்டு துண்டாக இறக்கி அடைத்துவிட்டார்கள். போனது போக மிச்சத்தைக் காப்பாற்ற முடிந்தது. பரம்பிக்குளத்தில் நீர் மதகின் அடிமட்டத்துக்கு இறங்கிய பிறகே வேலை தொடங்கியது, பின்னர் புதிய ஷட்டர் செய்து பொருத்தினார்கள். துங்கபத்திரா பெரிய நெடுஞ்சாலைகளுக்குப் பக்கத்தில் இருக்கிறது, கனரகக் கிரேன் எளிதாகப் போகும். பரம்பிக்குளம் காட்டுச் சாலையின் கடைசியில் இருக்கிறது. அதனாலேயே, அவசரத்துக்கு இறக்கும் தடுப்புகள் அணையிலேயே தயாராக இருக்க வேண்டும். எங்கேயோ செய்து, லாரியில் ஏற்றி, வனத்துறை வாசலைத் தாண்டிக் கொண்டுவரும் நேரத்துக்குள் 6 டி.எம்.சி. போய்விடும் என்பதை ஒருமுறை பார்த்தாகிவிட்டது.

வழியைச் சுருக்கும் யோசனை

உடுமலை விவசாயிகள் நெடுங்காலமாகக் கேட்பது ஆனைமலையாறு நல்லாறு திட்டம். ஆனைமலையாற்றில் தமிழ்நாட்டுக்கு உள்ள பங்கான 2.5 டி.எம்.சி.யை எடுப்பதைக் கேரளத்தின் இடமலையாறு அணை முடிவதோடு ஒப்பந்தம் இணைத்திருக்கிறது. இடமலையாறு அணை 1985-இலேயே வந்துவிட்டது, திட்டத்தின் மற்ற வேலைகள் முடியவில்லை என்பது கேரளத்தின் வாதம். நல்லாறு என்பது நீராற்று நீரைச் சோலையாறு, பரம்பிக்குளம், சர்க்கார்பதி, காண்டூர் என்று சுற்றாமல், புதிய சுரங்கம் வழியே நேராக நல்லாற்றில் இறக்கித் திருமூர்த்திக்குக் கொண்டுவரும் யோசனை. 2019 செப்டம்பர் 25-இல் இரு மாநில முதல்வர்கள், எடப்பாடி பழனிசாமியும் பினராயி விஜயனும், திருவனந்தபுரத்தில் சந்தித்தபோது இவற்றைப் பேசக் குழு அமைப்பதாக முடிவு செய்தார்கள். ஒப்பந்தத்தை 30 ஆண்டுக்கு ஒருமுறை மறுஆய்வு செய்ய வேண்டும் என்ற பிரிவும் அதிலேயே இருக்கிறது.

நல்லாறு வந்தால் காண்டூர் என்ற ஒற்றை வழியை மட்டும் நம்பியிருக்கும் நிலை மாறும், திருமூர்த்திக்கு இரண்டாவது வாசல் கிடைக்கும். கூடவே, மானாம்பள்ளியிலும் சர்க்கார்பதியிலும் அந்த நீர் தந்துவந்த மின்சாரம் குறையும். பரம்பிக்குளத்தைச் சேரும் நீர் குறைவதால் ஆழியாறுக்கும் மணக்கடவுக்கும் ஈடுகட்ட அங்கே கையிருப்பு எவ்வளவு மிஞ்சும் என்பதையும் மறுபடி போட்டுப் பார்க்க வேண்டும். சித்தூர் விவசாயி கேட்கப்போகும் முதல் கேள்வி அதுதான். அதற்கு மாதவாரிக் கணக்கோடு பதிலை எழுதி எடுத்துக்கொண்டு போகாமல் தமிழ்நாடு மேசையில் உட்கார்ந்தால், நல்லாறு இன்னும் பல ஆண்டுகள் கோரிக்கை மனுவிலேயே ஓடிக்கொண்டிருக்கும்.